காரியாலயத்துக்குள் எட்டாத காரியாலய இணையதளம்

பயிற்சி நிலையங்கள், ஆராய்ச்சிப் பண்ணைகள், கல்லூரிகள் முதலியவை தம் கட்டிடத்திலேயே ஒரு கம்ப்யூட்டரை நிறுவி, அதனைச் சர்வராகக் கொண்டு சொந்த இணையதளம் நடத்துவது இப்பொழுது அபூர்வமன்று. அவ்வாறு நடத்தும் இடங்களில் ஒரு விசித்திரமான புகார் அடிக்கடி எழுகிறது. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிராமத்தில் இருக்கும் ஆசிரியர் தம் கைப்பேசியில் அந்தத் தளத்தைத் தடையின்றித் திறந்து பாடக் குறிப்புகளைப் படிக்கிறார். சர்வர் இருக்கும் அறைக்கு அடுத்த அறையில் அமர்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கோ அது திறப்பதில்லை. அதே பெயரைத்தான் அவரும் தட்டெழுதுகிறார். சிறிது நேரம் வட்டம் சுழல்கிறது. பிறகு 'தளத்தை அடைய இயலவில்லை' என்ற அறிவிப்பு வருகிறது.

சர்வர் பழுதாகிவிட்டது என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அதை நிறுத்தி மீண்டும் துவக்குகின்றனர். உள்ளே இருப்பவர்க்கு இதனால் ஒரு பயனும் இல்லை. வெளியூரில் ஒழுங்காகப் படித்துக் கொண்டிருந்தவருக்கோ நடுவில் தளம் நின்று போகிறது. நாளடைவில் ஊழியர்கள் வேறொரு வழியைக் கண்டு கொள்கின்றனர். காரியாலயத்து வைஃபையை அணைத்துவிட்டுத் தம் கைப்பேசியின் சொந்த டேட்டாவில் தளத்தைத் திறக்கின்றனர். பத்தடி தூரத்தில் இருக்கும் யந்திரத்தை அடைவதற்கு, கைப்பேசிக் கோபுரத்துக்குச் சென்று, வேறு நகரங்களைச் சுற்றி வந்து, ஊழியர் தம் கைப்பணத்தையும் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அரசாங்க வேலைக்கு ஊழியர் தாமே கட்டணம் செலுத்தும் இந்த வழக்கம் எங்கும் புகாராக எழுதப்படுவதில்லை. ஆகவே எவரும் அதைத் திருத்துவதும் இல்லை.

இதற்கு இலேசான பரிகாரம் உண்டு. ஆயினும் அவசரத்தில் கையாளப்படும் பரிகாரங்கள் பல நோயைவிடக் கொடியவை. எனவே காரணத்தைச் சற்று விரிவாகவே தெரிந்து கொள்ளுதல் நலம்.

முதலில், இணையதளத்தைக் காரியாலயத்திலேயே வைத்துக்கொள்வது ஏன் என்ற கேள்வி எழக்கூடும். பொதுமக்களுக்கான அறிவிப்புத் தளங்களை மத்திய தரவு மையங்களில் வைப்பதே தக்கது. அங்கே மின்சாரமும் காவலும் நிச்சயம். ஆனால் பாட நூலகம் வேறு வகையைச் சேர்ந்தது. பயிற்சிக்கு வந்திருக்கும் நாற்பது ஆசிரியர்கள், 200 மெகாபைட் அளவுள்ள ஒரு செயல்முறைப் படத்தை ஒரே வேளையில் பார்க்க விரும்புவதாகக் கொள்வோம். மொத்தம் 8,000 மெகாபைட். தளம் வெளியூரில் இருந்து, காரியாலயத்தின் இணைய இணைப்பு வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுடையதாயின், இவ்வளவும் வந்து சேர 6,400 வினாடிகள் ஆகும். அதாவது ஏறத்தாழ ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம். வகுப்பு நேரம் முடிந்துவிடும். தளம் அதே கட்டிடத்தில் இருந்து, உள்வலையின் வேகம் வினாடிக்கு 100 மெகாபிட்டாக இருப்பின், பதினொரு நிமிடத்துக்குள் வேலை முடிகிறது. சொந்தச் சர்வரின் நியாயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. உள்ளே இருப்பவர்க்கு அது எட்டாமற் போனால் அந்த நியாயமே அடிபட்டுப் போகிறது என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

எட்டாமற் போவதற்குக் காரணம் விலாசங்களின் பஞ்சம். இணையத்தில் சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் விலாசம் வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் வகுத்த முறைப்படி மொத்தம் 429,49,67,296 விலாசங்களே உண்டு. உலக மக்கள் தொகைக்கே அது போதாது. பஞ்சத்தைச் சமாளிக்க 1990-களில் இரண்டு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. 1994-இல், ஒரு விலாசத்தை மற்றொன்றாக மாற்றி எழுதும் முறை முன்வைக்கப்பட்டது. 1996-இல் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 எனத் தொடங்கும் எண்கள் தனி உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்டன. இந்தத் தனி எண்களை எந்தக் காரியாலயமும் எவரையும் கேளாமல் தன் சுவர்களுக்குள் உபயோகிக்கலாம். வெளியே அவற்றுக்குச் செல்வாக்கில்லை. கதவண்டை நிற்கும் ரௌட்டர் என்னும் சாதனம் உள்ளேயிருந்து செல்லும் ஒவ்வொரு பொதியிலும் தனி எண்ணை அழித்து, காரியாலயம் முழுமைக்கும் உரிய ஒரே பொது எண்ணை எழுதி அனுப்புகிறது. பதில் வரும்போது அதைத் திருப்பி எழுதி உரியவரிடம் சேர்க்கிறது. தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்ட இது முப்பதாண்டுகள் கழிந்த பின்னும் வீடுகளிலும் காரியாலயங்களிலும் நின்று நிலைத்துவிட்டது.

சொந்த இணையதளம் வைத்திருப்போர் ரௌட்டருக்கு மேலும் ஓர் உத்தரவு இடுகின்றனர்: 'நமது பொது எண்ணைத் தேடி வெளியிலிருந்து எவரேனும் வந்தால் இன்ன சர்வரிடம் அனுப்பு' என்பதே அது. இனி ஓர் உதாரணத்தைப் பின்தொடர்வோம். காரியாலயத்தின் பொது எண் 203.0.113.10 என்க. (இந்த எண் தொகுதி உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது; இவ்விடத்தில் எவருடைய விலாசமும் வெளியிடப்படவில்லை.) சர்வரின் தனி எண் 192.168.1.5, குமாஸ்தாவின் கம்ப்யூட்டர் 192.168.1.20. குமாஸ்தா தளத்தின் பெயரைத் தட்டெழுதுகிறார். டி.என்.எஸ். என்னும் பெயர் ஏட்டில் அந்தப் பெயருக்கு நேரே பொது எண்ணே எழுதியிருப்பதால் அவருடைய பொதி 203.0.113.10-க்குப் புறப்படுகிறது, ரௌட்டரை வந்தடைகிறது.

இங்கே சில ரௌட்டர்கள் முதலிலேயே தவறிவிடுகின்றன. உத்தரவு 'வெளியிலிருந்து வருவோருக்கு' என்று இருப்பதால், உள்ளிருந்து வந்த பொதியை அதற்கு உட்பட்டதாக அவை கருதுவதில்லை. அந்தப் பொது எண் ரௌட்டரின் சொந்த எண்ணும் ஆதலால், தன்னையே காண வந்ததாக எண்ணி, சில சமயங்களில் தன்னுடைய நிர்வாகப் பக்கத்தைக் காட்டி, கடவுச்சொல் கேட்கின்றன. இணையதளத்தைத் திறக்கப் போய் ரௌட்டரின் வாசலில் நிற்கும் ஊழியர், தளத்தை எவரோ களவாடி விட்டதாக அஞ்சுவதில் வியப்பில்லை.

வேறு சில ரௌட்டர்கள் உத்தரவை நிறைவேற்றுகின்றன, ஆயினும் பாதியளவே. பொதியின் 'பெறுநர்' இடத்தில் 192.168.1.5 என்று திருத்திச் சர்வரிடம் கொடுக்கின்றன. 'அனுப்புநர்' இடத்தில் 192.168.1.20 என்பது அப்படியே இருக்கிறது. சர்வர் அதைப் பார்க்கிறது. அனுப்பியவர் தன் வலையிலேயே இருப்பவர் என்று தெரிந்ததும், ரௌட்டரின் தயவில்லாமல் நேரே அவருக்குப் பதில் அனுப்புகிறது. அங்கேதான் கெடுகிறது. தலைமைத் தபால் நிலையத்தின் பெட்டி எண்ணுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பவருக்குப் பக்கத்து மேசைக்காரரிடமிருந்து ஓர் உறை வருமானால், 'இவருக்கு எழுதவே இல்லையே' என்று பிரியாமலே திருப்பிவிடுவார் அன்றோ? குமாஸ்தாவின் கம்ப்யூட்டரும் அதையே செய்கிறது. 203.0.113.10-இலிருந்து பதிலை எதிர்பார்க்கும் அது, 192.168.1.5-இலிருந்து வந்த பொதியை ஏற்பதில்லை. சர்வர் வேலை செய்தது. ரௌட்டரும் வேலை செய்தது. கம்ப்யூட்டரும் விதிப்படியே நடந்தது. எந்த யந்திரமும் பழுதில்லாமலே காரியம் கெட்டுவிட்டது.

இந்நிலையில் சாதாரணமாகக் கையாளப்படும் வழி, அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டை ஒட்டுவதாகும்: 'காரியாலயத்தில் இருப்போர் பெயருக்குப் பதிலாக 192.168.1.5 என்று தட்டெழுதவும்.' கண்டிக்கத்தக்க வழி இது. ஒரே சர்வரில் இரண்டு மூன்று தளங்கள் இருந்தால், எந்தத் தளம் வேண்டுமென்பதைச் சர்வர் பெயரைக் கொண்டே அறிகிறது. எண்ணை மட்டும் தந்தால் வேறொரு பக்கம் வந்து நிற்கும். அதனினும் பெரிய தீங்கு பாதுகாப்புச் சான்றிதழைப் பற்றியது. சான்றிதழ் பெயருக்கே வழங்கப்படுகிறது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான வலைகளில் திரும்பத் திரும்ப உபயோகிக்கப்படும் 192.168.1.5 போன்ற தனி எண்ணுக்குப் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் சான்றிதழ் தருவதில்லை. ஆகவே எண்ணால் திறப்பவருக்கு 'இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று' என்ற எச்சரிக்கை முதலில் தோன்றும். 'அதைப் பொருட்படுத்தாமல் மேலே செல்க' என்று சீட்டின் அடியில் மற்றொரு வரியும் சேர்க்கப்படுகிறது.

இந்த இரண்டாவது வரியை எழுதுவோர் அதன் விளைவைச் சிந்திப்பதில்லை. காலை மாலை எச்சரிக்கையைத் தாண்டிப் பழகிய ஊழியர், நாளை வங்கியின் பெயரால் ஒரு போலித் தளம் இதே எச்சரிக்கையுடன் வரும்போது நின்று யோசிப்பார் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? ஆசிரியராயின், தாம் பழகியதையே மாணவர்க்கும் கற்பிப்பார். கம்ப்யூட்டர் எச்சரித்தால் நிற்க வேண்டும் என்ற பாடத்தைப் புத்தகத்தில் நடத்திவிட்டு, எச்சரிக்கையைத் தாண்டும் வித்தையை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டுவது முரண்பாடு.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஹோஸ்ட்ஸ் என்னும் சிறு கோப்பில் பெயரையும் தனி எண்ணையும் எழுதி வைப்பது இன்னொரு வழக்கம். இணையத்தின் முன்னோடியான வலையில், எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயர்களும் அத்தகைய ஒரே பட்டியலில்தான் இருந்தன. பட்டியல் கட்டுக்கடங்காமல் வளர்ந்ததனாலேயே 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் டி.என்.எஸ். முறையை வகுத்தார். கைவிடப்பட்ட முறையைக் காரியாலயத்தில் மீண்டும் தொடங்குவதில் என்ன பயன்? மேசையை விட்டு நகராத கம்ப்யூட்டருக்கு அது ஒருவாறு பொருந்தும். கள ஊழியரின் மடிக் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது. திங்கட்கிழமை காரியாலயத்தில் திறந்த தளம் செவ்வாய்க்கிழமை கிராமத்தில் திறக்காது; ஏனெனில் அங்கேயும் அது 192.168.1.5-ஐத் தேடிக்கொண்டிருக்கும். கைப்பேசியிலோ இக்கோப்பைச் சாதாரணமாகத் திருத்தவே இயலாது.

ரௌட்டரையே திருத்துவது நேர்மையான வழிகளுள் ஒன்று. பெறுநரை மாற்றும்போது அனுப்புநரையும் மாற்றித் தன் எண்ணை எழுதிவிடுமானால், சர்வரின் பதில் ரௌட்டருக்கே திரும்பும். ரௌட்டர் அதனைச் சரியாக எழுதிக் குமாஸ்தாவிடம் சேர்க்கும். மலைப்பாதையில் பஸ் வந்த திக்கிலேயே திரும்பும் கொண்டை ஊசி வளைவைப் போல், பொதி வாசல் வரை சென்று உள்ளேயே திரும்புவதால் இதற்கு அந்தப் பெயரே வழங்குகிறது. விலாசம் மாற்றும் சாதனங்கள் இவ்வசதியைக் கட்டாயம் பெற்றிருக்க வேண்டும் என்று இணையத் தர நிர்ணயங்கள் 2007-இலும் 2008-இலும் கூறிவிட்டன. அவ்வாறிருந்தும் மலிவான ரௌட்டர்கள் பலவற்றில் இது இல்லை, அல்லது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இருக்கும் இடத்தில் உபயோகிக்கலாம், தடையில்லை. ஆனால் உள்ளிருந்து வரும் எல்லோரும் சர்வரின் வருகைப் பதிவேட்டில் ரௌட்டரின் எண்ணாகவே பதிவாகின்றனர். தளத்துக்கு யாரால் தொல்லை நேர்ந்தது என்று பிறகு தேட வேண்டியிருந்தால் இது பெருங்குறை. மேலும், முன்னர்க் கண்ட நாற்பது ஆசிரியர்களின் 8,000 மெகாபைட்டும் அந்தச் சிறு சாதனத்தின் வழியே உள்ளேயும் வெளியேயுமாகச் சென்று திரும்ப வேண்டும். உள்வலையின் வேகத்துக்காகவே சர்வரை வாங்கியவர்கள் அதனை ஒற்றையடிப் பாதையில் நிறுத்தியவர்களாகின்றனர்.

மிகவும் தகுதியான வழி, பெயர் ஏட்டை இரு வகையாகப் பதில் சொல்லச் செய்வதே. வெளியே இருந்து கேட்பவருக்கு 203.0.113.10; உள்ளே இருந்து கேட்பவருக்கு 192.168.1.5. பெயர் ஒன்றே; சான்றிதழ் ஒன்றே; புத்தகத்தில் அச்சிட்ட முகவரியும் ஒன்றே. குமாஸ்தாவின் கம்ப்யூட்டர் நேரே சர்வரிடம் செல்கிறது. பதிலும் நேரே வருகிறது. ரௌட்டருக்கு இதில் வேலையில்லை. இதற்குப் புதுச் செலவு அநேகமாக இல்லை. பல ரௌட்டர்களிலேயே உள்ளூர்ப் பெயர்களைப் பதியும் இடம் உண்டு. இல்லாவிடில் டி.என்.எஸ்.மாஸ்க், அன்பவுண்ட் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை ஒரு பழைய கம்ப்யூட்டரில் நிறுவினாலே போதும்.

இம்முறையிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. வலையில் சேரும் கம்ப்யூட்டர்களுக்கு எண் வழங்கும் சாதனமே, பெயர் கேட்க வேண்டிய இடம் எது என்பதையும் சொல்லிக் கொடுக்கிறது. அங்கே உள் ஏட்டின் எண்ணை முதலாவதாகவும், எதற்கும் இருக்கட்டும் என்று வெளியார் நடத்தும் பொது ஏட்டின் எண்ணை இரண்டாவதாகவும் எழுதி வைப்போர் பலர். முதலாவது தவறினால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்பதற்கு உறுதியில்லை. கம்ப்யூட்டர் சில வேளை இதையும் சில வேளை அதையும் கேட்கும். விளைவாகத் தளம் காலையில் திறக்கும், மாலையில் திறக்காது. முழுதும் திறவாத தளத்தின் கோளாறைக் கண்டுபிடிப்பது எளிது. விட்டு விட்டுத் திறக்கும் தளம் ஊழியரைப் பைத்தியமாக அடித்துவிடும். இரண்டாவது ஏடு வேண்டுமாயின் அதுவும் உள்ளேயே இருக்கட்டும்.

உள் ஏட்டில் தேவையான ஒரு பெயரை மட்டும் மாற்றிச் சொல்லுமாறு எழுதவேண்டும். நிறுவனத்தின் பெயர்த் தொகுதி முழுவதற்கும் அதனைப் பொறுப்பாக்கினால், அதில் எழுத மறந்த தபால் சர்வர் முதலிய பெயர்கள் உள்ளே இருப்பவர்க்கு இல்லாமற் போகும். பதிலின் ஆயுட்காலத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு நாள் செல்லும் என்று எழுதி வைத்தால், காரியாலயத்தில் பெற்ற தனி எண்ணைக் கைப்பேசி வெளியிலும் நினைவில் வைத்துக்கொண்டு தடுமாறக்கூடும். 300 வினாடி என்று வைத்தால் ஊழியர் பஸ் நிறுத்தத்தை அடைவதற்குள் அது மறந்துவிடும். கடைசியாக, 2018 முதல் உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் வந்திருக்கும் மறைவுப் பெயர் வினவல் என்னும் வசதி உள் ஏட்டைத் தாண்டி நேரே வெளி ஏட்டைக் கேட்கிறது. தனி மனிதரின் அந்தரங்கத்தைக் காக்கும் நல்ல வசதியே ஆயினும், காரியாலயக் கம்ப்யூட்டர்களில் உள் ஏட்டுக்கு அதில் விலக்குத் தரவேண்டும்.

இரண்டு ஏடுகளை வைத்துக்கொள்வது இரட்டை வேலையன்றோ என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் உண்மையே. சர்வரை மாற்றும் நாளில் ஓர் ஏட்டைத் திருத்தி மற்றதை மறந்தால் பழைய தொல்லை தலைகீழாகத் திரும்பி வரும். எனினும் அந்த வேலை ஆண்டுக்கு ஓரிரு முறை, ஒருவர் செய்யும் வேலை. சீட்டு ஒட்டும் முறையில் நாள்தோறும் நூறு பேர் வேலை செய்கின்றனர். அந்த நூறு பேர் படும் பாடு கணக்கில் வராததால் அதைச் சிக்கனம் என்று கருதுவது காரியாலயங்களின் பழைய வழக்கம்.

சர்வரை எங்கே வைப்பது என்பதும் இதனுடன் சேர்ந்த பிரச்னை. உலகம் முழுவதும் கதவு தட்டக்கூடிய ஒரு கம்ப்யூட்டரைச் சம்பளப் பட்டியலும் மதிப்பெண் பதிவேடும் இருக்கும் அதே வலையில் வைப்பது விவேகமன்று. அது ஒருமுறை பகைவர் வசப்பட்டால் அடுத்த கம்ப்யூட்டருக்குச் செல்ல அவர்களுக்குக் கதவே இல்லை. 192.168.2 என்பது போன்ற தனிப் பிரிவில் சர்வரை வைத்து, நடுவே ரௌட்டரை அல்லது பாதுகாப்புச் சாதனத்தை நிறுத்துதல் வேண்டும். பதில் எப்படியும் நடுவே இருக்கும் சாதனத்தின் வழியாகவே திரும்ப வேண்டியிருப்பதால், பக்கத்து மேசை உறை என்னும் தொல்லையும் இதில் தீர்கிறது. வேகமும் வேண்டுமாயின் நடுச் சாதனம் நல்ல திறனுடையதாக இருக்க வேண்டும். இந்தச் செலவு நியாயமான செலவு.

விலாசப் பஞ்சமே ஒழிந்துவிட்டால் இவ்வளவு உபாயங்களும் தேவைப்படா. ஐ.பி.வி6 என்னும் புதிய முறையில் உள்ளே இருக்கும் சர்வருக்கும் உலகம் அறிந்த சொந்த விலாசம் உண்டு; எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. பழைய முறையின் கடைசிக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்து பங்கிடப்பட்டுத் தீர்ந்தது. அதற்கு முன்பே, 2010-இல், இந்தியத் தொலைத்தொடர்பு இலாகா புதிய முறைக்கான தேசியத் திட்டத்தை வெளியிட்டது. 2013-இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தது. கைப்பேசி நிறுவனங்கள் விரைந்து மாறிவிட்டன. காரியாலயத்து உள்வலைகள் பல இன்னும் மாறவில்லை. மாறும் வரை இரு வகை ஏடே துணை.

களத்திலும் பள்ளியிலும் பணி புரிவோர் கோளாறு எங்கே என்பதைத் தாமே ஓரளவு சோதித்தறியலாம். கைப்பேசியில் வைஃபையை அணைத்துத் தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் சர்வரில் குற்றமில்லை. அதை நிறுத்தித் துவக்க வேண்டாம். பிறகு காரியாலயத்துக் கம்ப்யூட்டரில் என்.எஸ்.லுக்கப் என்னும் கட்டளையைத் தளத்தின் பெயருடன் கொடுத்தால், உள்ளே இருப்பவருக்கு ஏடு எந்த எண்ணைச் சொல்கிறது என்பது தெரியும். பொது எண் வந்தால் உள் ஏடு இல்லை, அல்லது அது கேட்கப்படவில்லை. வெளியிலும் திறக்கவில்லையாயின் ரௌட்டரின் வெளிப்புற எண்ணைப் பார்க்க வேண்டும். அது 10 அல்லது 192.168 எனத் தொடங்கினாலும், 100.64 முதல் 100.127 வரை அமைந்திருந்தாலும், இணைப்புத் தரும் நிறுவனமே ஒரு பொது எண்ணைப் பலருக்குப் பகிர்ந்திருக்கிறது; அத்தகைய இணைப்பில் வெளியார் வருவதற்கு வாசலே கிடையாது. நிலையான பொது எண்ணுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். சோதித்த நாள், நேரம், கண்ட எண்கள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து, வலையைப் பராமரிப்பவரிடம் கொடுத்தால் போதும். 'தளம் வேலை செய்யவில்லை' என்ற வெறும் வாக்கியத்தைக் கேட்டு அவர் சர்வர் அறைக்கு ஓடும் வழக்கம் அப்பொழுதுதான் நிற்கும்.